வண்ணங்களின் வழித்தடம் – 9: ராட்டை சுழலும் அறையில் ஒரு தெய்வம்

1664ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் பெத்ரோ தெ ஆர்ஸே என்பவருடைய வீட்டுச் சொத்துகளைப் பட்டியல் எடுத்தார்கள். ஆர்ஸே அரசரின் வேட்டைப் பிரிவில் பதவி வகித்தவர். ஓவியங்கள் சேர்ப்பதில் பிரியமுள்ளவர். அந்தப் பட்டியலில் ‘அராக்னேயின் கதை’ என்று ஓர் ஓவியம் பதிவாகியிருக்கிறது. வரைந்தவர் தியேகோ வெலாஸ்கெஸ். எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். தாளும் பழைய ஆவணக் கட்டுகளுக்குள் போய்விட்டது.

ஓவியம் தொலையவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அரண்மனையிலும், பிறகு 1819இல் திறக்கப்பட்ட பிராடோ அருங்காட்சியகத்திலுமாக ஊரார் கண்ணெதிரிலேயே இருந்தது. தொலைந்தது அதன் கதை மட்டும்தான். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், பார்க்க வந்த அத்தனை பேரும் அதைப் பெண்கள் நூல் நூற்கும் ஒரு பட்டறைக் காட்சி என்றே நம்பினார்கள். ‘நூற்கும் பெண்கள்’ என்றே அதற்குப் பெயரும் வந்தது. உள்ளே ஒரு கிரேக்கத் தெய்வம் கவசத் தொப்பியோடு கை ஓங்கி நிற்பது யார் கண்ணிலும் உறைக்கவில்லை.

சென்ற அத்தியாயத்தில் வெனிஸின் டிஷியன் ‘யுரோப்பா’ ஓவியத்தை முடித்து, 1562இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்கு அனுப்பிவைத்ததுவரை பார்த்தோம். ஜீயஸ் வெள்ளைக் காளையாக உருமாறி, இளவரசி யுரோப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் பாய்கிறான். அவள் பிடிமானமின்றிச் சரிந்து, ஒரு கையால் கொம்பைப் பற்றியிருக்கிறாள். மேலே இறக்கை முளைத்த குழந்தைகள் பறக்கிறார்கள். அந்த ஓவியம் ஸ்பெயினில் என்ன செய்தது என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு நாம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தாண்டி, இரண்டாம் பிலிப்பின் பேரன் நான்காம் பிலிப்பின் அவைக்குப் போகவேண்டும். 1655க்கும் 1660க்கும் இடையில் ‘அராக்னேயின் கதை’ அங்கேதான் உருவானது.

முதலில் ஓவியத்தைப் பார்த்துவிடுவோம். முன்புறம் சற்று இருண்ட அறை. ஐந்து பெண்கள். இடது பக்கம் வெள்ளைத் துணியால் தலையைப் போர்த்திய ஒரு மூதாட்டி ராட்டையருகே அமர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி சிவப்புத் திரையை ஒதுக்குகிறாள். நடுவில் ஒரு பெண் குனிந்து தரையில் கிடக்கும் கம்பளி மயிரை அள்ளுகிறாள்; பக்கத்தில் ஒரு பூனை. வலது பக்கம் நமக்கு முதுகைக் காட்டியபடி, வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் நூலை உருண்டையாகச் சுற்றுகிறாள். அவளுக்கு அப்பால் கூடையோடு ஒரு சிறுமி. இந்த அறைக்குப் பின்னால், இரண்டு படி ஏறினால் போகக்கூடிய உயரத்தில், வெயில் சாய்ந்து விழும் ஒரு சிறிய மாடம். அங்கே பட்டாடை உடுத்த மூன்று சீமாட்டிகள், சாய்த்துவைத்த பெரிய நரம்பிசைக் கருவி ஒன்று, சுவரில் ஒரு சித்திரக் கம்பளம். கம்பளத்துக்கு முன்னால் கவசத் தொப்பி அணிந்த ஒருத்தி கையை உயர்த்தியிருக்கிறாள். அவளுக்கு எதிரே இன்னொரு பெண்.

ராட்டையைக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். அதில் ஆரக்கால்கள் இல்லை. சக்கரம் வேகமாகச் சுழலும்போது ஆரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, ஒளி மட்டும் வளைய வளையமாக மின்னுமே, அதைத்தான் வெலாஸ்கெஸ் வரைந்திருக்கிறார். சாம்பல் நிறத்தின் மேல் மெலிதான சில வளைகோடுகள், அவ்வளவே. அவருக்கு முன்னால் வரைந்தவர்களின் சக்கரங்கள், எவ்வளவு வேகமாக ஓடவேண்டிய காட்சியாக இருந்தாலும், ஆரக்கால்கள் எண்ணக்கூடியபடி அசையாமல் நின்றன. வெலாஸ்கெஸ் தனக்குத் தெரிந்த சக்கரத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற சக்கரத்தை வரைந்தார். புகைப்படக் கருவி வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. நடுவில் குனிந்திருக்கும் பெண்ணின் முகமும் அப்படியே. கண், மூக்கு, வாய் எதுவும் தனித்து இல்லை. நிழலில் ஒரு தீற்றல். ஆனால் அவள் என்ன செய்கிறாள், எவ்வளவு கவனமாகச் செய்கிறாள் என்பதில் நமக்கு ஐயமே வருவதில்லை.

அரசவை ஓவியராக ஸ்பெயினில் பணிபுரிந்த ஜெர்மானியர் ஆன்டன் ராஃபேல் மெங்ஸ், இதை வரைந்ததில் கைக்குப் பங்கே இல்லாததுபோல் இருக்கிறது, நினைத்த மாத்திரத்தில் தானே வந்தமர்ந்ததுபோல் இருக்கிறது என்ற பொருளில் 1776இல் வெளியான ஒரு கடிதத்தில் வியந்திருக்கிறார். ஓவியரின் கைத்திறனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அப்படி வியந்த காலத்திலும் ஓவியத்தின் கதை மறந்துபோய்த்தான் கிடந்தது. மாட்ரிட்டில் சாந்தா இசபெல் தெருவில் சித்திரக் கம்பளம் நெய்யும் ஒரு பட்டறை உண்மையாகவே இருந்தது. வெலாஸ்கெஸ் அங்கே போயிருப்பார், பெண்கள் வேலை செய்வதைப் பார்த்திருப்பார், அரண்மனைச் சீமாட்டிகள் பின்னால் நின்று கம்பளம் பார்க்கிறார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் உழைப்பாளிகளை வரைவது பெருமைக்குரிய செயலாக ஆனபோது, இதைத் தொழிற்கூடத்தை வரைந்த முன்னோடி ஓவியம் என்று கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர்கள் பார்த்ததும் ஓவியத்தில் இருக்கிறது.

அராக்னேயின் கதையை ரோமக் கவிஞர் ஓவிட் தம்முடைய ‘உருமாற்றங்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் சொல்கிறார். லிடியா நாட்டில் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள் அவள். பெரிய குலம் இல்லை. அப்பன் இட்மோன், கம்பளிக்குச் சாயம் தோய்ப்பவன். தாய் இல்லை. கைத்திறன் ஒன்றாலேயே அவள் பெயர் ஊர் ஊராகப் பரவியது. அவள் நெய்த துணியைப் பார்க்க மட்டுமல்ல, அவள் நெய்வதைப் பார்க்கவும் மலையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் தேவகன்னிகைகள் இறங்கி வந்தார்களாம். நெசவுக்குத் தெய்வமான ஏதெனாவிடம் கற்றவள்தானே நீ என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். அவளே வந்து என்னோடு போட்டி போடட்டும் என்பாள்.

ஏதெனா கிழவி வேடம் போட்டுக்கொண்டு வந்தாள். மனிதர்களில் நீயே முதல்வியாக இரு, தெய்வத்திடம் மட்டும் பணிந்துபோ என்று புத்தி சொன்னாள். அராக்னே கேட்கவில்லை. கிழவி வேடம் கலைந்தது. இரண்டு தறிகள் போட்டார்கள், பாவு இழுத்துக் கட்டினார்கள், போட்டி தொடங்கியது. ஏதெனா தன் வெற்றியையே நெய்தாள்: ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்ற வழக்கில் தான் வென்றதையும், நான்கு மூலைகளிலும் தெய்வங்களை எதிர்த்த மனிதர்கள் பெற்ற தண்டனைகளையும். அராக்னே நெய்தது வேறு. தெய்வங்கள் வேடமிட்டு மனிதப் பெண்களை ஏமாற்றிய கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக நெய்தாள். முதலில் நெய்தது யுரோப்பாவும் காளையும்.

ஓவிட் இந்த இடத்தில் அசாதாரணமான நேர்மையோடு எழுதுகிறார். அந்தத் துணியில் ஏதெனாவாலும் குறை காணமுடியவில்லை, பொறாமை என்பதே உருவெடுத்து வந்தாலும் குறை கண்டிருக்காது என்கிறார். அதாவது அராக்னே தோற்கவில்லை. தோற்காததால்தான் தண்டனை. தெய்வம் துணியைக் கிழித்தது. கையிலிருந்த தறி நாடாவால் அராக்னேயின் நெற்றியில் மூன்று நான்கு முறை அடித்தது. அவமானம் பொறுக்காமல் அவள் தூக்கு மாட்டிக்கொண்டாள். ஏதெனா இரங்கி அவளைச் சாகவிடாமல், மூலிகைச் சாறு தெளித்துச் சிலந்தியாக்கிவிட்டாள். இன்றும் தொங்கிக்கொண்டே நெய்கிறாள் என்பது கதை.

வெலாஸ்கெஸ் இறந்தபின் அவருடைய வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்தபோது 150க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. ஓவிடின் இந்த நூல் ஸ்பானிய மொழியில் ஒன்று, இத்தாலிய மொழியில் ஒன்று என்று இரண்டு. கதையை அவர் நன்றாக அறிந்தவர்.

மறந்துபோன கதை திரும்பி வந்தது 1948இல். அந்த ஆண்டில் ஸ்பானியக் கலை வரலாற்றறிஞர் தியேகோ அங்குலோ இன்யிகெஸ், இந்த ஓவியம் பட்டறைக் காட்சி அல்ல, அராக்னேயின் கதை என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் ஆவண ஆராய்ச்சியாளர் மரியா லூயிசா கதூர்லா, ஆர்ஸேயின் 1664ஆம் ஆண்டுப் பட்டியலை வெளிக்கொண்டு வந்தார். ஒருவர் ஓவியத்தைப் பார்த்துச் சொன்னதை இன்னொருவரின் தாள் உறுதிசெய்தது. பின்சுவரில் இருக்கும் கம்பளம் டிஷியனின் ‘யுரோப்பா’தான் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிலர் கண்டுகொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்த முடிச்சை முழுக்க அவிழ்க்க இத்தனை காலம் ஆயிற்று.

அவிழ்ந்தபிறகு எல்லாமே வேறாகத் தெரிந்தது. மாடத்தில் கவசத் தொப்பியோடு இருப்பவள் ஏதெனா. எதிரே நிற்பவள் அராக்னே. சுவரில் தொங்குவது அவள் நெய்த துணி. முன்புறத்து ராட்டைக் கிழவியின் கால் முழங்கால்வரை வெளியே தெரிகிறது. கிழவிக்கு இருக்கவேண்டிய கால் அல்ல அது, இளமையானது, திரண்டது. அவளே வேடமிட்டு வந்த ஏதெனா என்றும், முதுகு காட்டி நூல் சுற்றுபவள் அராக்னே என்றும், முன்னே போட்டி, பின்னே தீர்ப்பு என்று ஒரே சட்டத்துக்குள் இரண்டு காலங்கள் இருக்கின்றன என்றும் பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இந்த இருவரும் அமர்ந்திருக்கும் விதம், ரோமில் சிஸ்டைன் ஆலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ வரைந்த இரண்டு இளைஞர்களின் உடல்நிலையை ஒத்திருப்பதையும் அங்குலோ எடுத்துக் காட்டினார். அந்த நரம்பிசைக் கருவிக்கும் ஒரு விளக்கம் உண்டு: சிலந்திக் கடிக்கு இசையே மருந்து என்று தென் ஐரோப்பாவில் நம்பிக்கை இருந்தது. என் மனம் அதை முழுதும் ஏற்கவில்லை. ஏதெனா கலைகளுக்கெல்லாம் தெய்வம். அவள் நிற்கும் இடத்தில் இசைக்கருவி இருப்பதற்குச் சிலந்தி தேவையில்லை.

இனி, வெலாஸ்கெஸ் ஏன் அராக்னேயின் கம்பளத்துக்கு டிஷியனின் ஓவியத்தை எடுத்துக்கொண்டார்?

1628இல் பீட்டர் பால் ரூபன்ஸ் ராஜதந்திர வேலையாக மாட்ரிட் வந்து, மறு ஆண்டுவரை தங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஐரோப்பாவிலேயே பெயர்பெற்ற ஓவியர். அப்படிப்பட்டவர் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அரண்மனையில் டிஷியனின் ஓவியங்களுக்கு முன்னால் ஒரு மாணவனைப்போல் உட்கார்ந்து படியெடுத்தார். ‘யுரோப்பா’வையும் முழு அளவில் படியெடுத்தார். இருபத்தொன்பது வயது வெலாஸ்கெஸ் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பெரியவர் ஒருவர் இன்னொரு பெரியவர் முன் பணிவதைப் பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் ஏது? ரூபன்ஸ் போன சில மாதங்களில் வெலாஸ்கெஸ் முதன்முறையாக இத்தாலிக்குக் கிளம்பினார்.

ரூபன்ஸும் அராக்னேயை வரைந்தவர்தான். நான்காம் பிலிப்பின் வேட்டை மாளிகைக்காக 1636-37இல் அவர் தீட்டிய எண்ணெய் வண்ண முன்வரைவு அமெரிக்காவின் ரிச்மண்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஏதெனா நாடாவை ஓங்கி அடிக்கிறாள், அராக்னே நிலைகுலைந்து விழுகிறாள், பின்னால் யுரோப்பாவின் கம்பளம். அந்த ஓவியத்தின் படி ஒன்று, வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ என்ற புகழ்பெற்ற ஓவியத்தின் பின்சுவரில் மங்கலாகத் தொங்குகிறது. அரசர் மகளையும் தன்னையும் வரைந்துகொண்டபோதே அவர் தலைக்குமேல் அராக்னே இருந்தாள்.

அதே கதையைத் தாமே வரையவந்தபோது வெலாஸ்கெஸ் ரூபன்ஸின் வழியில் போகவில்லை. அடி விழவில்லை. சிலந்தி இல்லை. ஏதெனா நெய்த துணி எங்கேயும் காணோம். கை ஓங்கியிருக்கிறது, ஆனால் கம்பளம் இன்னும் கிழியவில்லை. சுவர் முழுக்க நிற்பது அராக்னேயின் வேலை மட்டும். அந்த வேலையோ டிஷியனுடையது. ஒரு மனிதக் கை செய்த பொருளில் தெய்வத்தாலும் குறை காணமுடியவில்லை என்று ஓவிட் சொன்னாரே, அப்படி ஒரு பொருள் உலகில் எது என்ற கேள்விக்கு வெலாஸ்கெஸ் தந்த பதிலாகவே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பதிலை அவர் எந்த நாட்களில் சொன்னார் என்பதையும் பார்க்கவேண்டும். அரசர் அவரை சாந்தியாகோ என்னும் வீரர் சங்கத்தில் சேர்க்க விரும்பினார். உயர்குடியினருக்கான சங்கம் அது. தட்டார், சித்திரத் தையல்காரர், ஓவியத்தைப் பிழைப்பாகக் கொண்டவர் முதலியோருக்கு அங்கே இடமில்லை. 1658இல் விசாரணை தொடங்கியது. வெலாஸ்கெஸின் குலம் என்ன, கூலிக்கு வரைந்திருக்கிறாரா, கடை வைத்திருந்தாரா என்று நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டார்கள். சுர்பரான், அலோன்சோ கானோ போன்ற சக ஓவியர்கள் வந்து, இவர் ஓவியம் விற்றுப் பிழைத்தவரல்ல, அரசருக்காக மட்டும் வரைந்தவர் என்று சொல்லவேண்டியிருந்தது. அப்படியும் பாட்டன்மாரின் உயர்குடித் தகுதி நிரூபணமாகவில்லை என்று சபை மறுத்தது. போப்பாண்டவரிடமிருந்து விலக்கு வாங்கி, 1659 நவம்பரில்தான் அவர் மார்பில் அந்தச் சங்கத்தின் செஞ்சிலுவை ஏறியது. 1660 ஆகஸ்ட் 6ஆம் தேதி இறந்துபோனார். டிஷியனுக்கோ 1533லேயே பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிரபுப் பட்டம் கொடுத்திருந்தார்.

இதை வைத்துப் பலர் ஓவியத்துக்கு ஒரு பொருள் சொல்வதுண்டு. இருண்ட முன்னறை வெறும் கைத்தொழில். ஒளி நிறைந்த மாடம் உயர்ந்த கலை. ஓவியம் கைவேலை அல்ல, அறிவின் வேலை என்று வெலாஸ்கெஸ் நிலைநாட்டுகிறார் என்பது அந்த விளக்கம். நேர்த்தியான விளக்கம்தான். ஓவியத்தின் முன் நின்றால் அது நிற்பதில்லை. நூல் சுற்றும் பெண்ணின் நீட்டிய கையைப் பாருங்கள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை வெளிச்சம் வழிகிறது. கழுத்தில் வியர்வையில் ஒட்டியதுபோல் முடிக்கற்றை. விரல்கள் இருக்குமிடத்தில் ஓட்டம் மட்டும் தெரிகிறது. மாடத்திலுள்ள சீமாட்டிகளுக்கு அவர் இவ்வளவு தூரிகை செலவழிக்கவில்லை. கைவேலையைக் கீழானது என்று காட்ட நினைத்தவர் இந்தக் கையை இப்படி வரைந்திருக்க முடியாது. தன் கை சம்பாதித்த பெருமையை ஒரு சபையில் மறைக்கவேண்டியிருந்த மனிதர், அந்தப் பெருமையை முழு உருவில் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. கம்பளம் கம்பளி மயிரிலிருந்துதான் வரவேண்டும். அந்த வரிசையை, தரையில் அள்ளும் கையிலிருந்து சுவரில் தொங்கும் காவியம்வரை, அவர் ஓர் இழையும் விடாமல் காட்டுகிறார்.

இவ்வளவு காலம் கதை மறைந்திருந்ததற்கு ஓவியத்தின் உடம்பில் நடந்த மாற்றமும் ஒரு காரணம். 18ஆம் நூற்றாண்டில் இது அரச உடைமையானது. அந்த நூற்றாண்டில் யாரோ இதன் பக்கங்களிலும் மேலேயும் துணி சேர்த்துத் தைத்து, வளைவுக் கூரையும் வட்டச் சாளரமும் வரைந்து பெரிதாக்கிவிட்டார்கள். மேலே மட்டும் அரை மீட்டர் அளவுக்குச் சேர்ந்தது. இன்று மொத்தம் 220 சென்டிமீட்டர் உயரம், 289 சென்டிமீட்டர் அகலம். வெலாஸ்கெஸ் வரைந்தது ஏறக்குறைய 167க்கு 252. கேட்கச் சிறிய விஷயம்போல இருக்கும். ஆனால் தலைக்குமேல் அவ்வளவு வெற்றிடம் வந்ததும் பெண்கள் சிறுத்துப்போனார்கள். மாடம் தொலைவில் ஒரு குகைபோல் ஒதுங்கியது. கம்பளம் கண்ணில் படாத பின்னணி ஆனது. 2021இல் பிராடோ ஒரு நல்ல காரியம் செய்தது. சேர்த்த பகுதிகளை வெட்டாமல், அவற்றை மறைக்கும்படி புதிய சட்டம் ஒன்று செய்து மாட்டினார்கள். இப்போது பெண்கள் நம் அருகே வந்துவிட்டார்கள். யுரோப்பாவும் அவர்களுக்கு நேர் பின்னால் வந்துவிட்டாள்.

கம்பளத்தின் மூல ஓவியத்துக்கோ வேறு விதி இருந்தது. வெலாஸ்கெஸ் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் ஸ்பெயினின் அரச வம்சம் வாரிசில்லாமல் முடிந்து, பிரான்ஸின் பூர்போன் வம்சத்து ஐந்தாம் பிலிப் அரியணை ஏறினார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் டிஷியனின் ‘யுரோப்பா’வைப் பிரான்ஸுக்குக் கொடுத்துவிட்டார். அது போய் ஓர்லியான் கோமகனின் சேகரிப்பில் சேர்ந்தது. ஸ்பெயினில் மிஞ்சியவை ரூபன்ஸ் எடுத்த படியும், வெலாஸ்கெஸ் நெய்துவைத்த கம்பளமும். இரண்டும் இன்று பிராடோவில் இருக்கின்றன. மூல ஓவியம் பிரெஞ்சுப் புரட்சியின்போது லண்டனுக்கு விலைபோய், 1896இல் அட்லாண்டிக் கடல் தாண்டி பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்ற பெண்மணியின் கைக்குச் சென்றது. அந்தப் பயணத்தை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)